பின்னாடி எப்படி இருக்கு?

அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்தில் யாரிடம் போய் ராஜசேகர் வீடு எது என்று கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். "யாரு, இங்கிலீசு ராசுவா? அந்தா, கடைசி வீடு" என்று கை காட்டுவார்கள். இந்தப் பட்டத்தை அவன் கேட்டு வாங்கவில்லை. ஜீப் ஓட்டுகிறவன் ஒருவன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நூறு பக்க நோட்டை வைத்துக்கொண்டு, சவாரி இல்லாத நேரமெல்லாம் வாயை அசைத்து அசைத்து இங்கிலீஷ் படித்தால் ஊர் சும்மா இருக்குமா?

அந்த நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இங்கிலீஷ்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு தொடர். இரண்டாவதில் அதன் அர்த்தம், தமிழில். மூன்றாவதில் அதை வைத்து ஒரு வாக்கியம். போனில் ஒரு வாத்தியார் தினம் ஒன்று சொல்லித்தருகிறார். மிச்சத்தை ஜீப்பில் ஏறுகிறவர்கள் வாயிலிருந்து பிடித்துக்கொள்வான். மூணாறில் ஜீப் ஓட்ட ஆயிரம் பேர் உண்டு. மலையைக் காட்டி, அதற்கொரு கதையும் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தவர்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதும். அதில் ஒரு விரல் தானாக வேண்டும் என்பது நாற்பத்துமூன்று வயதில் அவனுக்கு வந்த ஆசை.

மூன்றாவது கட்டத்துக்கு அவனே ஒரு சட்டம் வைத்திருந்தான். வாக்கியம் சொந்த வாழ்க்கையிலிருந்து வரவேண்டும், உண்மையாக இருக்கவேண்டும். வாத்தியாரின் வாக்கியத்தை எழுதினால் மறுநாளே மறந்துபோகிறது. தன் வீட்டு விஷயத்தை எழுதினால் மறப்பதே இல்லை. அதனால் 'ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்' என்பதற்கு நேரே, பக்கத்து வீட்டு வேல்முருகன் மாமா எனக்கு டீ வாங்கித் தருவது எப்போதோ ஒருமுறை என்று இருக்கும். 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்கு நேரே, கொண்டை ஊசி வளைவில் ஜீப்பைப் பின்னுக்கு எடுப்பது எனக்குச் சுலபம் என்று இருக்கும். பெருமைதான். ஆனால் பொய் இல்லை.

பொய்யே இல்லாத அந்த நோட்டில் இந்த ஜூலை மாதம் ஒரு மூன்றாவது கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

அந்தத் தொடரைக் கொடுத்தவர்கள் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும். வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். ஜீப்பில் ஏறியதிலிருந்து மாட்டுப்பட்டி அணை வரை மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சண்டைக்காரர்களாகவும் தெரியவில்லை. ஒரு மகன் தகப்பனுக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிடுகிறான், இன்னொருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறான். எல்லாம் சரி, பேச்சு மட்டும் இல்லை. அணைக்கரையில் இறங்கியதும் இளையவன் டீக்கடைக்கு வந்தான். வண்டிக்குள் ஏன் இவ்வளவு அமைதி என்று ராஜசேகர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டே விட்டான். அந்த இளையவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "எலிஃபன்ட் இன் தி ரூம்" என்றான்.

யானை அடுப்பங்கரைச் சுவரை இடித்து உள்ளே தலையை நீட்டுகிற ஊர் இது. ஆனாலும் ராஜசேகர் குழம்பவில்லை. இத்தனை நாள் படித்தது வீண் போகுமா? தொடர்தான் என்று தெரிந்துகொண்டு அர்த்தம் கேட்டான். அந்தப் பையன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அப்பாவுக்கு என்ன நோய், இன்னும் எத்தனை மாதம் என்று மூன்று பேருக்கும் தெரியுமாம். ஒரு வாரமாகச் சேர்ந்து சுற்றுகிறார்களாம். ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லையாம். அறைக்குள் ஒரு யானை நிற்கிறது, எல்லாரும் அதைச் சுற்றி நடந்துபோய் நாற்காலியில் உட்காருகிறோம், அதுதான் அர்த்தம் என்றான்.

ராஜசேகர் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டான் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம். மூன்றாவது கட்டத்துக்கான வாக்கியம் அந்த நிமிஷமே அவனுக்குக் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தான். தொடரை எழுதினான். 'எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் பேசாத பெரிய விஷயம்' என்று அர்த்தத்தையும் எழுதினான். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நோட்டை மூடிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டான்.

அவன் எழுதாமல் விட்ட வாக்கியம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய ஆறு வீடு. முன்பக்கம் தேயிலைச் சரிவு இறங்கிப் போகும், பின்பக்கம் மலை ஏறிப் போகும். போன வருடம் ஆடி மழையில் அந்த ஏற்றத்தில், வீடுகளுக்கு முப்பது அடி மேலே, மண் ஒரு கோடாகப் பிளந்தது. முதலில் விரல் நுழையாத கோடுதான். ஆனால் ஆறு வீட்டின் நீளத்துக்கும் அது ஓடியது.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யானையை யானை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "பெரியவர் வந்துட்டாரு, வாழைய முடிச்சிட்டாரு" என்பார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்று ஒரு பயம். இருட்டில் வந்தால் முற்றத்தில் தொங்கும் தகரத்தைத் தட்டுவார்கள். அவ்வளவுதான், பேர் சொல்வதில்லை. அதே மரியாதை இந்த விரிசலுக்கும் கிடைத்தது. ஒருவர் வாயிலிருந்தும் விரிசல் என்ற சொல் வரவில்லை. காலையில் குழாயடியில், ராஜசேகருக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற சின்னத்தாய் கேட்பாள், "பின்னாடி எப்படி இருக்கு?" மற்றவர்கள் சொல்வார்கள், "இருக்கு." அதோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வாயைக் கட்டியது வேறு ஒன்று. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரைதான் வீடு. ராஜசேகர் வீடுகூட அவன் மனைவி சித்ரா கொழுந்து பறிக்கிற வேலைக்காகக் கொடுத்த வீடுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் ஒரு லயத்தில் யாரோ ஒருவர் வாயைத் திறந்தார்; சுவர் வெடித்திருக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். வந்து பார்த்த அதிகாரிகள் எல்லாரையும் இறக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பத்து நாள் என்றது பத்து மாதமானது. பிள்ளைகள் படிப்பு போயிற்று. ஒரு குடும்பம் போடிக்குப் போனது, ஒரு குடும்பம் சங்கரன்கோவிலுக்கே திரும்பியது. அங்கே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? தாத்தன் காலத்திலேயே விட்டு வந்த ஊர். அந்த லயம் இன்றைக்கும் விழாமல் பூட்டிக் கிடக்கிறது. "வாயக் கொடுத்து வீட்டக் கொடுத்தாக" என்று வேல்முருகன் அதைச் சொல்லிச் சொல்லியே ஆறு வீட்டையும் பயமுறுத்தி வைத்திருந்தார்.

வேல்முருகன் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், ஐம்பது வயது, குரல் பெரிது. இந்த ஜூன் மாதம் மழைக்கு முன்னால் வில்லேஜ் ஆபீசர் லயம் லயமாகப் பார்த்துவருகிறார் என்று தெரிந்ததும் ஆட்களைக் கூட்டி, பிளந்த கோட்டில் களிமண்ணை அப்பச் செய்தார். அதன்மேல் வரிசையாக அவரை விதை ஊன்றி, மற்ற இடத்திலிருந்து கொடியை இழுத்துப் படரவிட்டார். பிறகு ராஜசேகரின் தோளில் கையைப் போட்டார்.

"மாப்ளே, நம்மள்ல ஒனக்குத்தான் மலையாளம் சுத்தமா வரும். நீ பேசி அனுப்பிரு."

ராஜசேகர்தான் பேசினான். ஆபீசரை மேல்பாதையில் விடாமல் கீழே தேயிலை ஓரமாகவே நடத்திக்கொண்டு போனான். மண் எங்காவது வெடித்திருக்கிறதா, ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறதா என்று அவர் கேட்டார். "ஒந்நுமில்ல சாரே" என்று இவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன், போகும்போது தன் நம்பரைக் கொடுத்து, ஏதாவது என்றால் எந்த நேரமும் கூப்பிடு என்றும் சொன்னார். அன்றைக்கு ஆறு வீட்டிலும் இவன்தான் மாப்பிள்ளை. சின்னத்தாய் ஒரு தூக்கு நிறையச் சீடை கொடுத்தனுப்பினாள். அவன் ஒன்றுகூட வாயில் போடவில்லை.

அவனுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் வேறொரு பக்கம் மலை இறங்கி வீடுகளை மூடியபோது, ஜீப்பை எடுத்துக்கொண்டு தோண்டப் போனவர்களில் அவனும் ஒருவன். நான்கு நாள் தோண்டினான். ஒரு கதவு கிடைத்தது. சட்டத்தோடு, முழுசாக. உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சித்ராவிடம்கூட. ஆனால் தன் வீட்டில் இருட்டியதும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும்போதெல்லாம் அவன் விரல் ஒரு நொடி நிற்கும்.

வெளியே சொல்லாவிட்டாலும் அவன் அளந்துகொண்டு வந்தான். தன் வீட்டுக்கு நேர் மேலே கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடித்து, நடுவில் கையை வைத்துப் பார்ப்பான். ஜூன் கடைசியில் நாலு விரல். அந்த வடநாட்டுக் குடும்பத்தைக் கொண்டுபோன அன்று ஒரு சாண். அப்பிய களிமண் எப்போதோ உள்ளே இறங்கிவிட்டது. மேலே அவரைக்கொடி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் பூத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்தால் சித்ரா கேட்பாள்.

"எங்க போயிட்டு வாரீக?"

"சும்மா, அவரைக்கா பறிக்கலாம்னு."

"பறிச்சீகளா?"

"இன்னும் பிஞ்சா இருக்கு."

அவளும் அதற்குமேல் கேட்கமாட்டாள். மகள் ஆர்த்திக்கு ஒன்பது வயது. பின்பக்கச் சுவரை ஒட்டிப் படுப்பாள். கொஞ்ச நாளாகப் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பிள்ளைக்குப் படிப்பில் அவ்வளவு அக்கறை என்று சித்ராவுக்குப் பெருமை. ராஜசேகருக்கும்தான்.

ஜூலை மூன்றாம் வாரம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. சவாரி நின்றது. ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு வானம் லேசாக வெறித்தது. பெண்கள் கொழுந்துக்குப் போயிருந்தார்கள், ஆண்கள் ஃபேக்டரிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. லயத்தில் அவன் ஒருவன்தான். மேலே ஏறினான். அவரைக்கொடியை விலக்கினான். ஒரு குச்சி சாய்ந்து கிடந்தது. ஒரு சாணும் நாலு விரலும். கீழ்ப்பக்கத்து மண், அதாவது வீடு இருக்கிற பக்கத்து மண், அரையடி இறங்கியிருந்தது. ஒரு கல்லை உள்ளே போட்டான். விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை.

இத்தனை நாளும் தன் வீட்டுக்கு நேரே மட்டும்தான் பார்ப்பான். முழு நீளத்தையும் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. அன்றைக்கு என்னவோ, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிடுவது என்று கொடியை விலக்கிக்கொண்டே நடந்தான். வேல்முருகன் வீட்டுக்கு மேலே வந்ததும் நின்றான். கோட்டின் இரண்டு கரையிலும் கல் பதித்து, ஃபேக்டரி இயந்திரத்துக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டில் பொட்டு வைத்திருந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் தேதி. ஒன்றல்ல, ஒன்பது தேதி. கடைசித் தேதி நேற்று. "அடப்பாவி மாமா" என்று வாய்விட்டே சொன்னான்.

சின்னத்தாய் வீட்டுக்கு மேலே ஒரு சிவப்பு நூல் தேயிலைக் குச்சியில் கட்டியிருந்தது. நூலின் மறுமுனையில் ஒரு கோணி ஊசியைக் கோத்து மண்ணில் குத்தி வைத்திருந்திருக்கிறாள். ஊசியைக் காணோம். நூல் நேராகப் பிளவுக்குள் இறங்கித் தொங்கியது. அடுத்த வீட்டுக்கு மேலே தேங்காய்ச் சிரட்டை இரண்டு, நடுவில் சாக்பீஸ் கோடு. அதற்கடுத்து உடைந்த வளையல் துண்டுகள். அந்தக் கோடி வீட்டுக்கு மேலே ஒரு வரிசைக் கூழாங்கல். ஆறு வீட்டுக்கும் ஆறு அளவு. குழாயடியில் 'இருக்கு' என்று சொன்ன ஒவ்வொருவரும் மற்றவர் இல்லாத நேரம் பார்த்து ஏறி வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திரும்பித் தன் வீட்டுக்கு மேலேயே வந்தான். இப்போதுதான் கண் திறந்திருந்தது. தன் குச்சிக்கு நாலடி தள்ளி ஒரு நீல ரிப்பன். இரண்டு தேயிலைச் செடிக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டியது, இப்போது அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது. அந்த முடிச்சை அவனுக்குத் தெரியும். ஆர்த்திக்குச் சடை போட்டுவிட்டு சித்ரா போடுகிற முடிச்சு. பக்கத்தில் படுக்கிறவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தான். இவன் மட்டும் சொன்னானா?

ரிப்பனை அவிழ்க்கக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்கேல். கரையோரம் செங்குத்தாகக் குத்தி வைத்திருந்தது. அதன்மேல் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள், கோட்டுக்குப் பக்கத்தில் 'திங்', 'செவ்', 'புத'. ஜூன் மாதம் ஸ்கேலைத் தொலைத்துவிட்டாள் என்று சித்ரா ஆர்த்தியை முதுகில் இரண்டு வைத்தாள். பிள்ளை எங்கே தொலைத்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. அழுதுவிட்டு அடங்கிப்போனாள்.

ராஜசேகர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

நாலு மணிக்கு ஆர்த்தி வந்தாள். அவள் முதுகிலிருந்து பையை வாங்கித் திறந்தான். புத்தகம் இரண்டுதான் இருந்தது. மற்றபடி ஒரு கவுன், ஒரு டார்ச் லைட், அவனும் சித்ராவும் மாலையோடு நிற்கிற கல்யாண போட்டோ.

"எதுக்குப் பாப்பா இதெல்லாம்?"

"ஓடும்போது எடுக்க நேரம் இருக்காதுல்லப்பா."

"அப்பாட்ட ஏன் சொல்லல?"

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க யாருமே சொல்லலையே. சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்."

ஐந்து மணிக்குக் கொழுந்துக்காரிகள் திரும்பினார்கள், ஃபேக்டரி ஆட்களும் வந்துவிட்டார்கள். மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. ராஜசேகர் முற்றத்துக்குப் போய், தொங்குகிற தகரத்தைக் கம்பியால் தட்டினான். யானை வந்தால் தட்டுகிற தகரம். ஆறு வீட்டுக் கதவும் படார் படாரென்று திறந்தது. வேல்முருகன் பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே வந்தார்.

"எங்க மாப்ளே, எந்தப் பக்கம் பெரியவரு?"

"பின்னாடி" என்றான் ராஜசேகர்.

எல்லாரும் வாழைத்தோட்டத்தைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். மேலே கையைக் காட்டிச் சொன்னான். "மலையில விரிசல் விட்டுருக்கு. ஒரு சாணு நாலு விரலு. நம்ம பக்கம் அரையடி எறங்கிருச்சு. இன்னைக்கு நாம இங்க படுக்கக்கூடாது."

அந்த வார்த்தை முதன்முதலாக முற்றத்தில் விழுந்தது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். வேல்முருகன் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"வாயக் கழுவுடா! வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுற? ஒனக்கென்ன, ஜீப்பு இருக்கு, எங்கயும் பொழச்சுக்குவ. நாங்க எங்கடா போவோம்?"

"பச்சைப் பெயின்டுல நேத்து தேதி போட்டது யாரு மாமா?"

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. ராஜசேகர் மஞ்சள் ஸ்கேலை எடுத்துக் காட்டினான். "இது யாருதுன்னு தெரியுதா? எம் மகளுது. ஒம்போது வயசுப் பிள்ள நமக்குத் தெரியாம அளந்துக்கிட்டு இருந்திருக்கு. ஓடுறதுக்குப் பையக் கட்டி வச்சிருக்கு." சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இரண்டு அடி வைத்தது அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

சின்னத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "என் ஊசி செவ்வாக்கெழமையே உள்ள போயிருச்சுய்யா." அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. என் சிரட்டை உருண்டுபோச்சு என்றார் ஒருவர். சுவர் ராத்திரி முனகுது என்றாள் ஒருத்தி. அடுப்படித் தரை வழியாகத் தண்ணீர் கசிகிறது, துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள் சித்ரா. ஒரு வருடமாக ஆறு வீட்டிலும் தனித்தனியாக இருந்த பயம் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஒருவருக்கும் உள்ளே போய்ச் செருப்பை எடுக்கவே தைரியம் வரவில்லை.

ராஜசேகர் போனை எடுத்து ஆபீசரைக் கூப்பிட்டான். ஜூன் மாதம் நான் சொன்னது பொய் சார் என்று மலையாளத்தில் ஆரம்பித்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் கேட்டார். இப்போதே இறங்கு, எதையும் எடுக்க நிற்காதே என்றார்.

கீழே பள்ளிக்கூடத்துக்கு ஜீப் நான்கு நடை போனது. ஒவ்வொரு நடைக்கும் காலியாகத் திரும்பி மேலே ஏறும்போது, வளைவு திரும்பினால் லயம் இருக்குமா இருக்காதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். கொண்டை ஊசி வளைவு சுலபம் என்று எழுதியவனுக்கு அன்றைக்குக் கியர் மாற்றக் கை வரவில்லை. கடைசி நடையில் வேல்முருகன் ஏறினார். மடியில் டிவியை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரும்வரை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு மலை விழவில்லை.

மறுநாளும் விழவில்லை. பத்து நாள் ஆயிற்று, விழவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு கழிவறைக்கு இருபத்தாறு பேர். முதல் இரண்டு நாள் அவனைக் கும்பிட்டவர்கள் நாலாம் நாள் முகத்தைத் திருப்பினார்கள். ஆறாம் நாள் வேல்முருகன் அவன் காதுபட, "கீழ் டிவிஷன் கதைதான். சொன்னேன்ல" என்றார். அவன் வரிசையில் சோற்றுக்கு நின்றால் முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். சித்ராகூட ஒரு மதியம் கேட்டுவிட்டாள், "ஏங்க, நெசமாவே விழுமா?"

அன்றைக்குத்தான் அவனுக்குள் அந்த நினைப்பு வந்தது. விழுந்து தொலைக்கட்டுமே. ஒரே ஒரு தடவை விழுந்துவிட்டால் எல்லார் வாயும் மூடிவிடுமே. தாழ்ப்பாள் போட்ட கதவைத் தோண்டி எடுத்தவன், மலை இறங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். விரிசலைப் பார்த்துக்கூட அவன் இவ்வளவு பயப்படவில்லை. வாசல் படியில் போய் உட்கார்ந்து, ஆளில்லாத அந்த லயம் அப்படியே நிற்கட்டும் என்று கடவுளிடம் மாற்றிக் கேட்டுக்கொண்டான்.

மண்ணைப் பரிசோதிக்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். இனி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எஸ்டேட்டில் காலியாக இருந்த வீடுகளை ஆளுக்கொரு மூலையில் கொடுத்தார்கள். வேல்முருகனுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி. வண்டி ஏறும்போது அவர் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னத்தாய் மட்டும் வந்து, "ஏய்யா, உசிரோட ஏறுறோம்ல வண்டியில" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ராஜசேகருக்குக் கிடைத்த வீடு வேறொரு லயத்தில் நடு வீடு. அதற்கும் பின்னால் மலைதான். இந்த ஊரில் பின்னால் மலை இல்லாத வீடு ஏது? சாமான் இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது ஆர்த்தி பையை மாட்டிய தோளோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"அப்பா, பின்னாடி எப்படி இருக்கு?"

குழாயடிக் கேள்வி. அதே வார்த்தை, அதே மெல்லிய குரல். அவன் வாய் தானாகத் திறந்தது. 'இருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"வா பாப்பா, ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வருவோம்."

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டைச் சுற்றிப் போனார்கள். கல் கட்டிய தடுப்புச்சுவரைக் காட்டினான். தண்ணீர் வடிகிற ஓடையைக் காட்டினான். சுவரில் ஓர் இடத்தில் கீறல் இருந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். இது வெறும் பூச்சு வெடிப்பு, உள்ளே கல் நன்றாக இருக்கிறது என்று தட்டிக் காட்டினான். மேலே ஏறி மண்ணை மிதித்துப் பார்த்தார்கள். மேற்கு மூலையில் ஓர் இடம் நொதநொதவென்று இருந்தது.

"இது என்னதுப்பா?"

"தெரியலம்மா. நாளைக்கு ஆபீசர் சாரக் கூட்டியாந்து காட்டுவோம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றான். "ஒனக்கு?"

"கொஞ்சம்."

மஞ்சள் ஸ்கேலை அவளிடமே கொடுத்தான். எங்கே குத்துவது என்று அவளே இடம் பார்த்துக் குத்தினாள். அவன் பேனாவைக் கொடுத்தான். முதல் கோட்டைப் போட்டு 'ஞாயி' என்று எழுதினாள்.

இருட்டியதும் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஆர்த்தி பையைத் திறந்து கவுனைக் கொடியில் போட்டாள், கல்யாண போட்டோவை அம்மாவிடம் கொடுத்தாள். டார்ச்சை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வந்து, கையை விரித்துப்போட்டுத் தூங்கிப்போனாள். ராஜசேகர் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போடாமல் வந்து அவளுக்குப் பக்கத்தில் படுத்தான்.